பெரிய நிறுவனம் 80% வைத்திருக்கும் முன்னுரிமைப் பங்கு: அப்பா சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

சூரமங்கலத்தான் | வெள்ளி, இரவு 9:10

வணக்கம். எங்கள் வீட்டு விஷயம்தான். ஆனால் இதே கடிதம் சேலத்தில் இன்னும் சில வீடுகளுக்கும் வந்திருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அப்பா ஸ்டீல் பிளாண்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2016இல் ஓய்வுப் பணத்திலிருந்து 3 லட்சம் எடுத்து, ஓமலூர் போகிற வழியில் இருக்கும் ஒரு நூற்பாலையின் முன்னுரிமைப் பங்கில் (சாதாரணப் பங்குக்காரர்களுக்கு முன்னால் குறிப்பிட்ட ஈவுத்தொகை தரும் பங்கு) போட்டார். ஆலையின் பெயர் வேண்டாம். பப்ளிக் லிமிடெட், ஆனால் பங்குச் சந்தைப் பட்டியலில் இல்லாதது. 100 ரூபாய் பங்கு 3,000. வருடம் 9% ஈவுத்தொகை, ஒரு வருடம் தவறினால் அடுத்த வருடத்தோடு சேரும், 10 வருடம் முடிந்து 2026 மார்ச்சில் முதல் திரும்ப வரும் என்று பத்திரத்தில் இருக்கிறது. ஆரம்பத்தில் 27,000 ரூபாய் வருடா வருடம் ஒழுங்காக வந்தது. 2022-23 முதல் மூன்று வருடமாகப் பைசா வரவில்லை.

போன வாரம் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. முதலைத் திருப்பித் தரும் மீட்புத் தேதியை 2036க்குத் தள்ளப் போகிறார்களாம், ஈவுத்தொகை இனி 4% தானாம், இதுவரை உள்ள பாக்கி தள்ளுபடியாம். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு 15 நாளில் அனுப்ப வேண்டும். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: "இந்த வகைப் பங்கில் 80% வைத்திருக்கும் நிதி நிறுவனம் ஏற்கெனவே சம்மதம் தெரிவித்துவிட்டது."

அப்பா அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறார். "அவ்வளவு பெரிய இடம் ஒத்துக்கொண்டது என்றால் கணக்குப் பார்க்காமலா ஒத்துக்கொள்வார்கள்?" என்கிறார். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. ஆனால் எது சரியில்லை என்று சொல்லத் தெரியவில்லை.

கொலுசுப்பட்டறை | வெள்ளி, இரவு 9:42

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது தம்பி. நாங்கள் சிவதாபுரத்தில் கொலுசு செய்கிறோம். புது இடத்தில் வெள்ளி எடுப்பதற்கு முன்னால், பெரிய வியாபாரிகள் யார் யார் அங்கே எடுக்கிறார்கள் என்றுதான் விசாரிப்போம். அவர்கள் இருந்தால் நம்பி எடுக்கலாம். 3 லட்சம் போட்டவரைவிட 80% வைத்திருப்பவனுக்கு அக்கறை அதிகம் இருக்காதா?

லீபஜார் கணக்கர் | வெள்ளி, இரவு 10:05

தம்பி, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு விஷயம் சொல்லுங்கள். கடிதத்தில் கம்பெனிச் சட்டத்தின் எந்தப் பிரிவு குறிப்பிட்டிருக்கிறது? 48ஆ, 55ஆ?

சூரமங்கலத்தான் | வெள்ளி, இரவு 10:11

பிரிவு 48 ஐயா. 55 எங்கேயும் இல்லை.

லீபஜார் கணக்கர் | வெள்ளி, இரவு 11:20

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நான் முப்பது வருடம் கம்பெனிக் கணக்கு பார்த்தவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2013 கம்பெனிச் சட்டப்படி, மீட்கவே தேவையில்லாத முன்னுரிமைப் பங்கை இந்தியாவில் வெளியிட முடியாது. 20 வருடத்துக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு மட்டும் 30 வருடம் வரை சலுகை. அந்தப் பணத்தையும் லாபத்திலிருந்தோ, அதற்கென்று புதிதாகப் பங்கு விற்ற பணத்திலிருந்தோதான் தர முடியும். ஆலையை விற்றுத் தருகிறேன், கடன் வாங்கித் தருகிறேன் என்றால் சட்டம் ஒப்பாது. அதனால் லாபம் இல்லாத ஆலை மாட்டிக்கொள்கிறது.

அப்படி மாட்டிக்கொண்ட கம்பெனிக்காகவே 55இன் மூன்றாம் உட்பிரிவு இருக்கிறது. பழைய பங்குக்குப் பதில் புதிய முன்னுரிமைப் பங்கு கொடுக்கலாம். ஆனால் பாக்கி ஈவுத்தொகையையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். பங்கு மதிப்பில் நான்கில் மூன்று பங்கு வைத்திருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும், கம்பெனித் தீர்ப்பாயமும் ஒப்புதல் தர வேண்டும். இதில் பலருக்குத் தெரியாத ஒரு வரி உண்டு: சம்மதிக்காதவர்களின் பங்கை உடனே மீட்கும்படி தீர்ப்பாயம் ஒப்புதலோடு சேர்த்தே உத்தரவிட வேண்டும். அதாவது அந்த வழியில் போனால், கையெழுத்துப் போடாமல் இருப்பவருக்குத்தான் பணம் கேட்கும் உரிமை வருகிறது.

பிரிவு 48 வேறு. அது பங்கின் உரிமைகளை மாற்றுவதற்கான பிரிவு. அதிலும் நான்கில் மூன்று சம்மதம் வேண்டும், ஆனால் தானாகத் தீர்ப்பாயத்துக்குப் போகாது. பாக்கியைச் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயமும் அந்தப் பிரிவில் எழுதப்படவில்லை. சம்மதிக்காதவரையும் அந்த மாற்றம் கட்டுப்படுத்தும். உங்கள் கடிதத்தில் பாக்கி தள்ளுபடி என்று இருப்பதையும் 48 என்று இருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். எந்த வழி கம்பெனிக்குச் செலவு குறைவோ அதை எடுத்திருக்கிறார்கள்.

கொலுசுப்பட்டறை | சனி, காலை 6:30

ஐயா, ராத்திரி படித்துவிட்டு யோசித்தேன். நான்கில் மூன்று என்றால் 75%. அந்த நிறுவனத்திடமே 80% இருக்கிறது. அவர்கள் சம்மதித்ததோடு வேலை முடிந்ததே. அப்புறம் எதற்கு 3,000 பங்கு வைத்திருக்கிற பெரியவரிடம் பதிவுத் தபாலில் கையெழுத்துக் கேட்கிறார்கள்?

லீபஜார் கணக்கர் | சனி, காலை 7:15

இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும். பதிலும் அதே பிரிவில் இருக்கிறது. அந்த வகைப் பங்கில் குறைந்தது 10% வைத்திருப்பவர்கள் சம்மதிக்காமல் இருந்தால், மாற்றத்தை ரத்து செய்யச் சொல்லித் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். போட்டுவிட்டால், தீர்ப்பாயம் உறுதி செய்யும்வரை மாற்றம் செல்லாது. சம்மதம் கிடைத்த நாளிலிருந்தோ தீர்மானம் நிறைவேறிய நாளிலிருந்தோ 21 நாளுக்குள் போட வேண்டும். எல்லோரும் சென்னைக்குப் போக வேண்டியதில்லை, எழுத்தில் அதிகாரம் கொடுத்து ஒருவரை நியமித்தால் போதும்.

நிறுவனத்தின் 80% போக மீதி 20% இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் 10% என்ற கதவு மூடிவிடும். அவர்களுக்கு உங்கள் அப்பாவின் கையெழுத்து தேவைப்படுவது அதற்குத்தான்.

சூரமங்கலத்தான் | சனி, காலை 7:40

அப்பாவிடம் இதை இரண்டு முறை படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. கடிதத்தை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டார். இப்போதைக்குக் கையெழுத்து இல்லை.

ஏற்காடு மிளகுக்கொடி | சனி, பகல் 12:25

நான் சென்னையில் ஒரு ஃபண்ட் கம்பெனியில் 14 வருடம் வேலை பார்த்தேன். இப்போது ஏற்காட்டில் அப்பாவின் காபித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். "பெரிய நிறுவனம் வைத்திருக்கிறது" என்ற வார்த்தையைப் பற்றி மனதில் ரொம்ப நாளாக இருக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சாதாரணப் பங்கில் ஒரு மியூச்சுவல் ஃபண்ட் இருக்கிறது என்றால், பெரும்பாலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்து, விலை பார்த்து வாங்கியிருப்பார். முன்னுரிமைப் பங்கில் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே நிறுவனங்கள் வந்து சேரும் வழிகளே வேறு.

கடன் கொடுத்த வங்கிக்கு வட்டி வரவில்லை. கடனைச் சீரமைக்கும்போது பாக்கியில் ஒரு பகுதியை முன்னுரிமைப் பங்காக மாற்றிக்கொள்வார்கள். நம் நாட்டில் இரும்பு, ஜவுளி, சர்க்கரை ஆலைகளின் பழைய ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் இது நிறையக் கிடைக்கும். 0.01% ஈவுத்தொகை என்று ஒரு பங்கைப் பார்த்தால் அது யாரும் ஆசைப்பட்டு வாங்கியதாக இருக்காது. பட்டியலில் வங்கியின் பெயர் பெரிதாக இருக்கும், ஆனால் அந்தப் பெயர் அங்கே இருப்பதற்குக் காரணம் கடன் வசூலாகாததுதான்.

சில நேரம் அது தானாக வந்து சேரும். 2014இல் ஜீ என்டர்டெயின்மென்ட் ஒரு பங்குக்கு 21 என்று 6% முன்னுரிமைப் பங்குகளைப் போனஸாகக் கொடுத்தது. 2023இல் டிவிஎஸ் ஹோல்டிங்ஸ் ஒரு பங்குக்கு 116 கொடுத்தது, 9%. நம் ஓசூர்க்காரர்களுக்குத் தெரிந்த டிவிஎஸ் மோட்டார் 2025இல் ஒரு பங்குக்கு 4 கொடுத்தது, 6%. இங்கெல்லாம் சாதாரணப் பங்கு வைத்திருந்த ஃபண்டுகளின் கணக்கில் முன்னுரிமைப் பங்கும் ஏறியது. அவர்கள் யாரும் அதைத் தேடிப் போய் வாங்கவில்லை. (அந்தக் கம்பெனிகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, எப்படிச் சேர்கிறது என்பதற்காகச் சொன்னேன்.)

அமெரிக்காவில் குறியீட்டை (இண்டெக்ஸ்) பின்பற்றும் பெரிய ஃபண்டுகள் உண்டு. 2007இல் தொடங்கிய ஐஷேர்ஸ் முன்னுரிமைப் பங்கு ஃபண்ட் நூற்றுக்கணக்கான வெளியீடுகளை வைத்திருக்கிறது. குறியீட்டில் இருந்தால் வாங்கும், நீக்கினால் விற்கும். அங்கே கம்பெனிகளே முன்னுரிமைப் பங்கு வைத்திருப்பதற்கு இன்னொரு காரணம் வரி. சிறிய அளவில் பங்கு வைத்திருக்கும் கம்பெனிக்கு, வரும் ஈவுத்தொகையில் 50% வரிக் கழிவாகக் கிடைக்கும். அந்தக் கணக்கு தனி மனிதனுக்குப் பொருந்தாது. அதே காகிதம்தான், ஆனால் கையில் நிற்கும் பணம் அவர்களுக்கு வேறு, நமக்கு வேறு.

கொலுசுப்பட்டறை | சனி, பகல் 1:10

அக்கா, பேரம் பேசி வாங்குகிறவர்களே இல்லையா? வாரன் பஃபெட் முன்னுரிமைப் பங்குதான் வாங்குவார் என்று படித்திருக்கிறேனே.

ஏற்காடு மிளகுக்கொடி | சனி, பகல் 2:00

வாங்கினார். 2008 செப்டம்பரில் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற அமெரிக்க வங்கியில் 500 கோடி டாலர் போட்டார். 10% ஈவுத்தொகை. அதோடு, கோல்ட்மேன் பங்குகளை 115 டாலர் விலையில் 500 கோடி டாலருக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையும் கிடைத்தது. கம்பெனி திருப்பி வாங்குவதென்றால் 10% கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதிக்கொண்டார். 2011இல் அப்படியே 550 கோடி கொடுத்து மீட்டார்கள். அன்றைக்குச் சந்தையில் கோல்ட்மேனின் வேறு முன்னுரிமைப் பங்கை வாங்கிய சாதாரண ஆளுக்கு அந்த உரிமையும் இல்லை, அந்தக் கூடுதலும் இல்லை.

உங்கள் தொழிலிலிருந்தே கேட்கிறேன் தம்பி. பெரிய வியாபாரிக்கு அந்த இடத்தில் கொடுக்கிற டச்சும் (வெள்ளித் தரக் கணக்கு) கூலியும் உங்களுக்கும் அப்படியே கொடுக்கிறார்களா?

கொலுசுப்பட்டறை | சனி, பகல் 2:08

இல்லை. கடன் நாளும் அவருக்கு அதிகம். புரிந்தது அக்கா.

கோரிமேட்டிலிருந்து | சனி, மாலை 5:30

ஸ்டார்ட்அப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறுவனங்கள் வைத்திருக்கும் முன்னுரிமைப் பங்கு இந்தியாவில் இன்றைக்கு அதிகம் பேச்சில் அடிபடுவது அங்கேதான். வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பெரும்பாலும் கட்டாயமாகச் சாதாரணப் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்கைத்தான் வாங்குகிறார்கள். அந்நியச் செலாவணி விதிப்படி முன்னுரிமைப் பங்கில் அது மட்டும்தான் நேரடி முதலீடாக எண்ணப்படும், மாறாத முன்னுரிமைப் பங்கு கடனாகத்தான் எண்ணப்படும். பங்குச் சந்தைக்கு வரும் முதல் வெளியீட்டுக்கு (ஐபிஓ) முன்னால் எல்லாம் மாறியாக வேண்டும். 2021இல் சொமேட்டோ வந்தபோதும் அப்படித்தான்.

அங்கே நிறுவனத்தின் கையில் ஒப்பந்தம் இருக்கும்: கம்பெனியை விற்றால் போட்ட பணம் முதலில் எனக்கு, போர்டில் எனக்கு ஓர் இடம், நான் ஒப்பாமல் புதுப் பங்கு வெளியிடக் கூடாது என்றெல்லாம். அக்கா சொன்னதுதான் இங்கேயும். அவர்களுக்குப் பாதுகாப்பு கொடுப்பது அந்த ஒப்பந்தம். ஆலை வெளியீட்டிலும் அந்த நிதி நிறுவனத்துக்குத் தனி ஒப்பந்தம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் அண்ணா.

சூரமங்கலத்தான் | சனி, இரவு 8:50

எங்கே போய்ப் பார்ப்பது? யாரைக் கேட்பது?

லீபஜார் கணக்கர் | சனி, இரவு 9:25

இரண்டு இடம். ஒன்று, கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளம். ஒரு கம்பெனியின் பொது ஆவணங்களைப் பார்க்க 100 ரூபாய் கட்டணம். பங்கு ஒதுக்கியதற்கான படிவம் பாஸ்-3 அங்கே இருக்கும். யாருக்கு, எந்தத் தேதியில், ரொக்கத்துக்கா வேறு எதற்குமா என்று அதில் தெரியும். அடமானப் பட்டியலும் இருக்கும், யாரிடம் என்ன சொத்தை வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று. அதை மறக்காமல் பாருங்கள்.

இன்னொன்று ஆலையின் பதிவு அலுவலகம். பங்குதாரர் பதிவேட்டில் சாதாரணப் பங்குக்கும் முன்னுரிமைப் பங்குக்கும் தனித்தனியாகப் பெயர்கள் இருக்க வேண்டும். பங்குதாரர் வேலை நேரத்தில் போய் இலவசமாகப் பார்க்கலாம், பிரிவு 94. நகல் வேண்டுமென்றால் பக்கத்துக்கு 10 ரூபாய்க்கு மேல் கேட்க முடியாது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், உரிமை அவருடையது.

சூரமங்கலத்தான் | ஞாயிறு, பகல் 11:40

100 ரூபாய் கட்டினேன். ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து பார்த்தேன்.

மொத்தம் 12 லட்சம் முன்னுரிமைப் பங்கு, அதாவது 12 கோடி ரூபாய். அப்பாவும் மற்றவர்களும் 2016இல் ரொக்கமாகக் கொடுத்து வாங்கியது 2,40,000 பங்கு. அந்த நிதி நிறுவனத்தின் 9,60,000 பங்கு 2019இல் வந்திருக்கிறது. ரொக்கம் இல்லை. "கடன் வட்டி பாக்கியைப் பங்காக மாற்றியது" என்று போட்டிருக்கிறது.

அடமானப் பட்டியலில் அதே நிறுவனத்தின் பெயர் மறுபடியும் வருகிறது. ஆலை நிலம், கட்டடம், இயந்திரம் எல்லாம் அவர்களிடம் அடமானத்தில் இருக்கிறது. கடன் இன்னும் தீரவில்லை.

ஏற்காடு மிளகுக்கொடி | ஞாயிறு, பகல் 12:15

அப்பாவின் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது தம்பி. கணக்குப் பார்க்காமலா ஒத்துக்கொண்டார்கள் என்று கேட்டார் அல்லவா? பார்த்துத்தான் ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் பார்த்தது அவர்களுடைய கணக்கை.

அவர்கள் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு இடத்தில் ஆலைச் சொத்தை அடமானமாக வாங்கிக் கடன் கொடுத்தவர், இன்னொரு இடத்தில் அப்பாவைப் போலவே முன்னுரிமைப் பங்குதாரர். ஆலையில் வருகிற பணம் ஒன்றுதான். அது 2026இல் முன்னுரிமைப் பங்கை மீட்கப் போனால், கடன் தவணைக்குப் போகிற பணம் குறையும். முன்னுரிமைப் பங்கை 2036க்குத் தள்ளினால் கடன் முதலில் வசூலாகும். வராக் கடனுக்குப் பதிலாக வந்த பங்கில் அவர்கள் இழப்பது கொஞ்சம், கடனில் அவர்களுக்குக் கிடைப்பது நிறைய. அப்பாவுக்கு அந்த இரண்டாவது இடம் இல்லை.

நாளைக்கு ஆலை திவால் சட்டத்துக்குப் போனாலும் இதே கதைதான். பிரிவு 53 வரிசையில் அடமானத்தின் மேல் கடன் கொடுத்தவர், தொழிலாளர் பாக்கி, அடமானம் இல்லாத கடன், அரசு பாக்கி எல்லாம் தீர்ந்த பிறகுதான் முன்னுரிமைப் பங்கு. அதற்குக் கீழே சாதாரணப் பங்கு மட்டும். "முன்னுரிமை" என்ற பெயரைக் கேட்டு முதல் வரிசை என்று நம்பிப் பணம் போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், மனது கஷ்டமாக இருக்கும்.

கோரிமேட்டிலிருந்து | ஞாயிறு, பகல் 1:00

எஸ் பேங்க் விஷயமும் இப்படித்தானே? 2020 மார்ச்சில் முதலீட்டாளர்கள் போட்ட 8,415 கோடி ரூபாயை ஒரே நாளில் பூஜ்யம் ஆக்கினார்கள். மியூச்சுவல் ஃபண்டுகளும் வைத்திருந்தன. பெரியவர்கள் இருந்தும் காப்பாற்றவில்லை.

லீபஜார் கணக்கர் | ஞாயிறு, பகல் 1:35

அது முன்னுரிமைப் பங்கு இல்லை, ஏடி-1 பத்திரம், வங்கி தன் மூலதனத்துக்காக விற்கும் ஒரு வகைப் பத்திரம். சட்டமும் வேறு, கலக்க வேண்டாம். சாதாரணப் பங்கு பிழைத்து அதற்கு மேலே இருந்த பத்திரம் அழிந்தது என்பதால் அந்த வழக்கே தனி. 2023 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஆனால் நீங்கள் கடைசியில் சொன்னது சரி, ஃபண்டுகள் இருந்ததால் யாருக்கும் பாதுகாப்பு வரவில்லை.

நம் விஷயத்துக்கு நெருக்கமான வழக்கு ஒன்று இருக்கிறது. 1971, இங்கிலாந்து, ஹோல்டர்ஸ் இன்வெஸ்ட்மென்ட் டிரஸ்ட். 5% மீட்கக்கூடிய முன்னுரிமைப் பங்கை ரத்து செய்து, பதிலுக்குப் பல வருடம் கழித்துப் பணம் தரும் அடமானமில்லாத கடன் பத்திரம் கொடுக்கப் பார்த்தார்கள். முன்னுரிமைப் பங்கில் சுமார் 90% சில அறங்காவலர்களிடம் இருந்தது. அவர்களிடமே சாதாரணப் பங்கிலும் பாதிக்கு மேல் இருந்தது. முன்னுரிமைப் பங்குதாரர்களின் தனிக் கூட்டத்தில் அவர்கள் ஓட்டால் தீர்மானம் நிறைவேறியது. நீதிபதி மெகாரி ஏற்கவில்லை. மொத்தத்தில் தங்களுக்கு எது லாபம் என்று பார்த்து ஓட்டுப் போட்டார்கள், முன்னுரிமைப் பங்குதாரர் என்ற வகையின் நன்மையைப் பார்க்கவில்லை, அதனால் அந்தச் சம்மதம் செல்லாது என்றார். நம் தீர்ப்பாயத்தை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் வக்கீல் எடுத்து வைத்தால் கேட்பார்கள். ஒரே கை இரண்டு இடத்தில் இருப்பதைக் காட்ட உங்களிடம் இப்போது அரசு ஆவணமே இருக்கிறது.

அம்மாபேட்டை தறி | ஞாயிறு, இரவு 10:30

வணக்கம் அண்ணா. எங்கள் அம்மா பெயரில் 15,000 பங்கு இருக்கிறது. இதே ஆலை, இதே கடிதம். அப்பா இறந்தபோது வந்த இன்சூரன்ஸ் பணம் 15 லட்சத்தையும் அதில்தான் போட்டோம். நாளைக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்ப இருந்தோம், கவர் ஒட்டிவிட்டேன். இப்போதுதான் இதைப் படித்தேன். பிரித்துவிட்டேன்.

சூரமங்கலத்தான் | திங்கள், இரவு 8:15

காலையில் அப்பாவோடு ஆலைக்குப் போனேன். முதலில் செக்ரட்டரி ஊரில் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அப்பா எழுதிக்கொண்டு போன தாளை எடுத்து, பிரிவு 94 என்று படித்துக் காட்டினார். அரை மணி நேரத்தில் பதிவேடு வந்தது. மரியாதையாகத்தான் நடத்தினார்கள், டீ கொடுத்தார்கள்.

நிறுவனம் தவிர 61 பேர். ஓய்வு பெற்றவர்கள், செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகள், நான்கைந்து ஜவ்வரிசி ஆலைக்காரர்கள், இரண்டு ஆசிரியைகள். மொத்தம் 2,40,000இல் இயக்குநர்களின் உறவினர்கள் கையில் 70,000 இருக்கிறது. அது நம் பக்கம் வராது. எங்களுக்குத் தேவை 1,20,000. மீதி இருப்பது 1,70,000. அதில் 22,000 பங்குக்காரர்கள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள் என்று அங்கே ஒருவர் சொன்னார்.

அப்பா பதிவேட்டில் இருந்த பெயர்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டு பேர் அவரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்கு இந்தப் பங்கை வாங்கச் சொன்னதே அப்பாதான். வண்டியில் திரும்பும்போது அதைச் சொன்னார்.

லீபஜார் கணக்கர் | திங்கள், இரவு 9:00

நல்லது தம்பி. அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் செய்தது தவறு இல்லை. அப்போது அவருக்குத் தெரிந்ததை வைத்துச் சொன்னார்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இரண்டு வருடம் அல்லது அதற்கு மேல் ஈவுத்தொகை தராவிட்டால், அந்த முன்னுரிமைப் பங்குதாரர்களுக்கு எல்லாத் தீர்மானத்திலும் ஓட்டுரிமை வந்துவிடும், பிரிவு 47. (பிரைவேட் லிமிடெட்டாக இருந்தால் இந்தப் பிரிவை அவர்களின் அமைப்பு விதி விலக்கியிருக்கலாம். உங்கள் ஆலை பப்ளிக், அதனால் பிரச்சனை இல்லை.) சாதாரணப் பங்கு மூலதனம் எவ்வளவு?

சூரமங்கலத்தான் | திங்கள், இரவு 9:12

8 கோடி ஐயா.

லீபஜார் கணக்கர் | திங்கள், இரவு 9:30

ஓட்டு மூலதன விகிதத்தில்தான். 8க்கு 12. பொதுக்குழுவில் 60% ஓட்டு இப்போது முன்னுரிமைப் பங்குதாரர்களுடையது. அதில் அந்த நிறுவனத்துக்கு மட்டும் 48%. அவர்கள் நினைத்திருந்தால் மூன்றாவது வருடமே இயக்குநர்களைக் கேள்வி கேட்டிருக்கலாம், மற்றவர்களில் கொஞ்சம் பேரைச் சேர்த்துக்கொண்டால் மாற்றியும் இருக்கலாம். கேட்கவே இல்லை. ஆலையை நடத்துவது அவர்களுக்கு வேலை இல்லை, கொடுத்த கடன் பாதுகாப்பாக இருந்தால் போதும். அவர்கள் கேட்காததால் உங்களுக்கு உரிமை இல்லை என்று ஆகாது. மற்ற 61 பேருக்கும் சேர்த்து 12% ஓட்டு இருக்கிறது. அடுத்த பொதுக்குழுவுக்கு அழைப்பு வரவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள், போய் உட்காருங்கள், ஈவுத்தொகை ஏன் நின்றது என்று பதிவில் ஏறும்படி கேளுங்கள்.

கொலுசுப்பட்டறை | திங்கள், இரவு 10:05

நான் முதலில் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன் தம்பி. செவ்வாய்ப்பேட்டையில் அந்த வியாபாரிகள் பக்கம் எனக்குப் பழக்கம் உண்டு. யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று தனிச் செய்தியில் அனுப்புங்கள். நாளைக்குக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போகிறேன்.

சூரமங்கலத்தான் | வியாழன், இரவு 9:45

மூன்று நாளாக எழுத முடியவில்லை, அலைச்சல். அம்மாபேட்டை அம்மாவின் 15,000, அப்பாவின் நண்பர்கள் இருவரின் 9,000, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு அண்ணன் பேசிய ஐந்து பேரின் 58,500, ஜவ்வரிசி ஆலைக்காரர் ஒருவரின் 24,000, எங்கள் 3,000. மொத்தம் 1,09,500. எல்லோரும் சம்மதிக்கவில்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். அம்மாபேட்டை அம்மாவை மனுதாரராக நியமித்திருக்கிறோம், அவர்களே முன்வந்தார்கள். ஐந்து ரோட்டில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். 21 நாள் கணக்கை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்று நிறுவனத்தின் சம்மதக் கடிதத்தின் நகலைக் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்.

இன்னும் 10,500 பங்கு வேண்டும். பட்டியலில் 12,000 பங்கு வைத்திருக்கும் ஒரு பெரியவரின் முகவரி ஏற்காடு. போன் நம்பர் இல்லை. கடிதம் போட்டோம், பதில் இல்லை.

ஏற்காடு மிளகுக்கொடி | வியாழன், இரவு 10:20

பெயரை இங்கே போட வேண்டாம், தனிச் செய்தியில் அனுப்புங்கள். நாகலூர் பக்கம் என்றால் எங்கள் தோட்டத்திலிருந்து பக்கம்தான். அங்கே மழையில் போன் லைன் அடிக்கடி போய்விடும், தபாலும் தாமதமாகும். நாளைக் காலை நானே போய்ப் பார்க்கிறேன். கடிதத்தின் நகல், அடமானப் பட்டியல், பிரிவு 48இன் அந்தப் பக்கம், மூன்றையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.

சூரமங்கலத்தான் | வியாழன், இரவு 10:31

அனுப்பிவிட்டேன் அக்கா. அப்பாவும் வருகிறேன் என்கிறார். முதல் பஸ்ஸில் ஏறி ஏற்காடு வந்துவிடுவோம், ஏரி ஸ்டாப்பில் நிற்கிறோம்.